பெயரில் எலுமிச்சை, பிழைப்பில் எல்லை: லிமோனே பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை எல்லாக் கேள்விகளும் ஒரே ஊரைச் சுற்றி. இத்தாலியின் வடக்கே, கார்டா ஏரியின் மேற்குக் கரையில், ப்ரெஷியா மாகாணம் முடிகிற இடத்தில் இருக்கிறது லிமோனே சுல் கார்டா. அதைத் தாண்டினால் ட்ரென்டோ மாகாணம். முதுகுக்குப் பின்னால் செங்குத்துப் பாறை, முகத்துக்கு நேரே ஏரி, நடுவில் ஒடுங்கிய கரையில் ஊர். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பதில்களில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

கேள்வி: எலுமிச்சை விளைவதால்தானே லிமோனே என்று பெயர் வந்தது?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். கடைக்குக் கடை எலுமிச்சம்பழப் படத்தைத் தொங்கவிட்டிருந்தால் வேறெப்படி நினைப்பது? ஆனால் பெயர் பழையது. 'லீமென்' என்ற லத்தீன் சொல்லுக்கு வாசற்படி, எல்லை என்று பொருள். அதிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. எல்ம் மரத்தைக் குறிக்கும் பழங்கெல்டிக் சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. பழத்தோடு பெயர் ஒத்துப்போனது தற்செயல்தான். 1863 முதல் 1905 வரை 'லிமோனே சான் ஜொவான்னி' என்றே ஊர் அழைக்கப்பட்டது.

எல்லை என்ற பொருள் இந்த ஊருக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. 1797 வரை வெனிஸ் குடியரசு, பிறகு நெப்போலியன் காலம், பிறகு ஆஸ்திரிய ஆட்சி. 1859-ல் லிமோனே அடங்கிய லொம்பார்டிப் பிராந்தியம் ஆஸ்திரியாவின் கையை விட்டுப் போனபோது, வடக்கே பத்து கிலோமீட்டரில் இருக்கும் ரீவா ஆஸ்திரியாவிடமே தங்கிவிட்டது. 1866 வரை எதிர்க்கரை மால்செசினேவும் அப்படித்தான். படகில் ஏறி எதிர்க்கரைக்குப் போனால் அயல்நாடு! ரீவா பக்கம் இருந்த நாட்டு எல்லை முதல் உலகப் போர் முடியும்வரை, 1918 வரை, அப்படியே இருந்தது. இன்று அதே இடத்தில் லொம்பார்டிக்கும் ட்ரென்டினோவுக்கும் (ட்ரென்டோ மாகாணப் பகுதி) இடையிலான கோடு ஓடுகிறது. எதிர்க்கரை வெனெட்டோ. ஆக, ஊர்த்துறையில் நின்றால் மூன்று பிராந்தியங்கள் கண்ணில் படும்.

கேள்வி: எத்தனை பேர் வாழ்கிறார்கள்? இவ்வளவு சிறிய ஊருக்குத் தனி நகராட்சி தேவைதானா?

சுமார் 1,100 பேர். இத்தாலியில் ரோம் ஆனாலும் இதுவானாலும் அடிப்படை அலகு 'கொமூனே' ஒன்றுதான். 3,000 பேருக்குக் குறைவான கொமூனே என்பதால் மன்றத்தில் பத்து உறுப்பினர்கள், நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் ஒரு மேயர், அவருக்குத் துணையாக அதிகபட்சம் இரண்டு நிர்வாகிகள். ஐந்தாண்டுப் பதவி. 5,000 பேர் வரையுள்ள ஊர்களில் ஒருவரே எத்தனை முறையும் மேயராகலாம் என்று 2024-ல் விதியைத் தளர்த்திவிட்டார்கள். சின்ன ஊர்களில் ஆள் கிடைப்பதில்லை என்பதுதான் காரணம்.

தேவைதானா என்று கேட்டீர்கள். கணக்கைப் பாருங்கள். ஒருவர் ஓரிரவு தங்கினால் ஒரு தங்கல் இரவு; ஆண்டுக்கு அப்படி 10 லட்சத்துக்கும் மேல் பதிவாகின்றன. ஈஸ்டரிலிருந்து அக்டோபர் வரையான ஏழு மாதத்துக்கு அதைப் பகிர்ந்தால், சராசரி இரவில் நாலாயிரத்துச் சொச்சம் விருந்தினர். உள்ளூர்க்காரர் ஒருவருக்கு நான்கு வெளியூர்க்காரர். குப்பை வண்டி, குடிநீர், சாக்கடை, காவலர் எல்லாவற்றையும் ஆயிரம் பேருக்கல்ல, ஐயாயிரம் பேருக்குத் திட்டமிட வேண்டும். நவம்பரில் பெரும்பாலான ஓட்டல்கள் கதவைச் சாத்தியதும் அதே குழாய்களும் அதே தெருவிளக்குகளும் வெறும் ஆயிரம் பேருக்கு. இந்த இரட்டை வாழ்க்கையை எங்கோ தொலைவில் உட்கார்ந்து நிர்வகிக்க முடியாது.

கேள்வி: ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், பனி கொட்டுகிற நாட்டில், எலுமிச்சை எப்படி விளைந்தது?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். முதலில் ஒன்று: நம் சமையலறையின் சின்னப் பச்சை எலுமிச்சை அல்ல இது. நீளவாட்டில் முனை கூம்பிய, தடித்த தோல் மஞ்சள் பழம். மைனஸ் இரண்டு டிகிரியிலேயே காய் கெட ஆரம்பிக்கும். இன்னும் கீழே போனால் கிளையும் போய்விடும். ஊரோ 46-ஆம் அட்சரேகையை ஒட்டி இருக்கிறது.

பாதி வேலையை ஏரி செய்கிறது. சுமார் 370 சதுர கிலோமீட்டர் பரப்பு, 346 மீட்டர் ஆழம். கோடையில் வாங்கிய வெப்பத்தை அந்த நீர் குளிர்காலம் முழுக்க மெல்ல மெல்ல விடுகிறது. பின்னால் நிற்கும் பாறை வடக்குக் குளிர்காற்றை மறிக்கிறது. காலை வெயிலில் சூடேறி, ராத்திரியில் அந்தச் சூட்டைத் திருப்பித் தருகிறது. மீதிப் பாதியை மனிதர்கள் கட்டினார்கள். அதன் பெயர் 'லிமொனாயா'.

மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் மண் நிரப்பி, மூன்று பக்கம் உயரமான கற்சுவர் எழுப்புவார்கள். ஏரியைப் பார்க்கும் நான்காவது பக்கம் மட்டும் திறப்பு. படி முழுக்க வரிசையாகக் கல் தூண்கள்; பெரிய தோட்டங்களில் பத்து மீட்டர் உயரம் வரை போகும். தூண் தலைகளை இணைத்து மர உத்திரங்கள். கோடையில் பார்த்தால் கூரை பறந்துபோன கோயில் மண்டபம் மாதிரி இருக்கும். நவம்பர் வந்ததும் உத்திரங்கள்மேல் பலகை பரப்பிக் கூரை போட்டு, முன்பக்கம் கண்ணாடிச் சட்டங்களும் பலகைகளும் மாறிமாறிப் பொருத்தி, இடுக்குகளில் காய்ந்த புல்லைத் திணித்துக் காற்றை அடைப்பார்கள். மார்ச்சில் அத்தனையையும் கழற்றி, தோட்டத்து ஓரத்தில் இருக்கும் 'கஸேல்' என்ற ஒடுக்கமான பண்டக வீட்டில் அடுக்கவேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை, பத்து மீட்டர் உயரத்தில், பாறை விளிம்பில் இந்த வேலை.

மூடிவிட்டால் முடிந்தது என்று எண்ண வேண்டாம். வெயிலடிக்கும் குளிர்கால மதியத்தில் உள்ளே புழுக்கம் ஏறும். சட்டங்களைத் திறந்துவிடாவிட்டால் மரம் வசந்தம் வந்துவிட்டதென்று ஏமாந்து தளிர்விடும், இலை கொட்டும். சாயங்காலம் மறுபடி மூட மறந்தால் அந்தத் தளிர்தான் முதலில் கருகும். கடுங்குளிர் இரவில் உள்ளே தீமூட்ட வேண்டும். மரங்கள் கசப்பு ஆரஞ்சு வேர்க்கன்றில் ஒட்டுப்போட்டவை. சொந்த வேரில் நிற்கும் எலுமிச்சையைவிட அது குளிரையும் ஈரத்தையும் தாங்கும். தண்ணீர் மலையோடையிலிருந்து வாய்க்கால் வழியே ஒவ்வொரு படிக்கும் இறங்கும்.

கேள்வி: இவ்வளவு பாடுபட்டு வளர்த்ததை ஏன் விட்டார்கள்?

ஒரே அடியில் விழவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிசின் வடியும் நோய் வந்தது: அடிமரப் பட்டை வெடித்துப் பிசின் ஒழுகி, மரம் பட்டுப்போகும். அது தணிவதற்குள் இத்தாலி ஒரே நாடாகி, சுங்கம் ஒழிந்து, ரயிலும் வந்தது. கண்ணாடியும் விறகும் இல்லாமலே காய்க்கும் சிசிலி எலுமிச்சை வடக்குச் சந்தைக்குக் குறைந்த செலவில் வந்து இறங்கியது. முதல் உலகப் போரில் தோட்டத்துப் பலகைகளையும் சட்டங்களையும் ராணுவம் எடுத்துக்கொண்டது. சிட்ரிக் அமிலத்தைத் தொழிற்சாலையில் தயாரிக்கக் கற்றபின் எலுமிச்சைச் சாற்றின் தேவையும் சுருங்கியது. 1928–29 குளிர்காலத்துக் கடும்பனி மிச்சமிருந்த மரங்களையும் கொன்றது. தொழில் செத்தது, தூண்கள் நிற்கின்றன.

உயிரோடு ஒன்று பார்க்க வேண்டுமென்றால் 'லிமொனாயா டெல் காஸ்தெல்'. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. நகராட்சி வாங்கிச் சீரமைத்து, எலுமிச்சையோடு கடாரங்காய், கசப்பு ஆரஞ்சு வகைகளும் வளர்த்துக் கட்டணத்துக்குத் திறந்துவிட்டிருக்கிறது. தூண்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கோடை. கண்ணாடி மூடிய கோலத்தைப் பார்க்க நினைத்தால் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடைப்பட்ட நாட்கள். நடுக்குளிரில் பார்வை நேரம் மாறும், விசாரித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: இந்த ஊர்க்காரர்களுக்கு மாரடைப்பே வராது, காரணம் எலுமிச்சை என்று வாட்ஸப்பில் வந்தது. உண்மையா?

பாதி உண்மை, அதனால்தான் ஆபத்தான செய்தி. 1970-களில் லிமோனேவைச் சேர்ந்த ஒரு ரயில்வே ஊழியர் மிலானில் பரிசோதனைக்கு வந்தார். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு எக்கச்சக்கம். 'நல்ல கொழுப்பு' என்கிறோமே, அந்த எச்.டி.எல். மிகமிகக் குறைவு. பாடநூல்படி இதய நாளங்கள் அடைபட்டிருக்க வேண்டும். ஆனால் தடயமே இல்லை. மிலான் பல்கலைக்கழகத்தின் சேசரே சிர்த்தோரி, குயிதோ ஃப்ராஞ்செஸ்கினி குழு ஆராய்ந்து, எச்.டி.எல்.லின் முக்கியப் புரதமான 'ஏப்போ ஏ-ஒன்'னில், புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் ஒன்று மாறியிருப்பதைக் கண்டது: 173-ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் சிஸ்டீன். 1980-ல் வெளியிட்டார்கள். 'ஏப்போ ஏ-ஒன் மிலானோ' என்று பெயர். கண்டது மிலானில், பிறந்தது லிமோனேவில். பெயர் பெரிய ஊருக்குப் போய்விட்டது.

பிறகு ஊர் முழுவதும் ரத்தம் எடுத்தார்கள். சில பத்துப் பேரிடம்தான் அந்த மாற்றம் இருந்தது. தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுகளை வைத்துப் பின்னோக்கிப் போனபோது எல்லோரும் ஒரே மூதாதைத் தம்பதியில் போய் முடிந்தார்கள். சாலை இல்லாத காலத்தில் வெளியூர்ச் சம்பந்தம் குறைவு என்பதால் மரபணு ஊருக்குள்ளேயே தங்கிவிட்டது. ஆக, ஊர்க்காரர்களில் பெரும்பாலோரிடம் அது கிடையாது. எலுமிச்சைக்கும் அதற்கும் சம்பந்தமும் கிடையாது.

மருந்தாக்கும் முயற்சி நடந்தது. செயற்கையாக உருவாக்கிய அந்தப் புரதத்தை வாரம் ஒன்றாக ஐந்து முறை நரம்பில் ஏற்றியதில் நாள அடைப்பின் அளவு சற்றுக் குறைந்ததாக 2003-ல் வந்த ஆய்வு பெரிய பரபரப்பை உண்டாக்கியது. நோயாளிகள் ஐம்பது பேருக்கும் குறைவு. 2016-ல் வெளியான அடுத்த சோதனையில் வெறும் கரைசல் ஏற்றியவர்களோடு ஒப்பிட்டபோது பயன் தெரியவில்லை, கைவிட்டார்கள். யாராவது இந்த ஊர் பெயரைச் சொல்லி மாத்திரை விற்றால் வாங்காதீர்கள். மருத்துவர் கொடுத்த கொழுப்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றுக்காக நிறுத்தவே கூடாது.

கேள்வி: ஒரே நாட்டுக்குள் இருக்கும் மாகாண எல்லைதானே, அதனால் என்ன வித்தியாசம் வந்துவிடும்?

சாதாரண எல்லை என்றால் ஒன்றுமில்லை. இது அப்படியல்ல. ட்ரென்டோ தன்னாட்சி மாகாணம். தன் மண்ணில் வசூலாகும் பெரும்பாலான வரிகளில் பத்தில் ஒன்பது பங்கு அதனிடமே தங்குகிறது. அதனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளி, சாலை, மானியம் எல்லாம் தாராளம். இந்தப் பக்கத்து ஊர்கள் அதைத் தினமும் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துப் புழுங்கின. லிமோனேவுக்குப் பின்னே மலைமேல் இருக்கும் வால்வெஸ்தீனோ, மகாஸா ஊர்கள் 1934 வரை ட்ரென்டோவில் இருந்தவை. மறுபடி அங்கேயே போகிறோம் என்று 2008-ல் வாக்கெடுப்பே நடத்தின.

இந்தப் புழுக்கத்துக்கு மருந்தாக 2009-ன் இறுதியில் ஒரு சட்டம் வந்தது. ட்ரென்டோவும், அதைப்போலவே தன்னாட்சி பெற்ற பக்கத்து மாகாணமான போல்ஸானோவும் ஆளுக்கு 4 கோடி யூரோ ஆண்டுதோறும் ஒதுக்கி, எல்லையை ஒட்டிய லொம்பார்டி, வெனெட்டோ ஊர்களின் திட்டங்களுக்குத் தரவேண்டும். லிமோனேவின் புகழ்பெற்ற சைக்கிள் பாதைக்கு வந்தது இந்த எல்லைப் பணம்தான். எல்லையில் கிடப்பது சாபம் என்பார்கள். இங்கே அது வரவு.

பயணிக்குத் தெரியும் வித்தியாசம் சின்னது, ஆனால் எரிச்சலூட்டும். அந்தப் பக்கப் பேருந்து ஒரு நிறுவனம், இந்தப் பக்கம் வேறு. ரீவாவில் மாறும்போது புதுச் சீட்டு எடுக்க வேண்டும். ட்ரென்டினோ விருந்தினர் அட்டை இருந்தால் எல்லாப் பேருந்தும் இலவசம் என்று நம்பி ஏறுகிறவர்கள், எல்லை தாண்டியும் அது செல்லுமா என்று ஓட்டுநரிடம் முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: ஏரிக்கு மேலே தொங்கும் அந்த சைக்கிள் பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? குழந்தைகளுடன் போகலாமா?

2018 ஜூலையில் திறந்தது. ஊரின் வடக்கே கப்போ ரெயமோல் என்ற இடத்திலிருந்து மாகாண எல்லை வரை சுமார் இரண்டு கிலோமீட்டர். பாறையில் துளையிட்டு இறக்கிய நங்கூரக் கம்பிகளில் எஃகு விட்டங்கள், அவற்றின் மேல் தளம், ஏரிப்பக்கம் கைப்பிடி வேலி. சில இடங்களில் தண்ணீர் 50 மீட்டர் கீழே. ஏற்ற இறக்கம் அதிகமில்லை. குழந்தைகள் தாராளமாக நடக்கலாம். கட்டணம் கிடையாது.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, இது நடப்பவர்களுக்கும் சேர்த்த ஒடுக்கமான பாதை. பகல் பதினோரு மணிக்கு மேல் கூட்டத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். இரண்டு, ரீவா வரை ஒரே ஓட்டம் என்று நினைப்பது. பாதை திறந்தபோது எல்லைக்கோட்டில் வந்து நின்றது. அப்பால் ட்ரென்டோவின் பொறுப்பு. அந்தப் பக்கம் இணைந்திருக்கிறதா என்று புறப்படும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நெடுஞ்சாலைச் சுரங்கங்களுக்குள் சைக்கிளோடு நுழையாதீர்கள். திரும்பி வந்து படகில் சைக்கிளை ஏற்றுங்கள். மூன்று, மழைக்கு மறுநாள். மேலே பாறை என்பதால் கல் விழும் அபாயத்துக்காக அடிக்கடி மூடுவார்கள். மூடிய கதவைத் தாண்டிக் குதிப்பவர்களுக்கு மேலே பார்க்கத் தோன்றுவதில்லை.

கேள்வி: கார் இல்லாமல் எப்படிப் போவது? கார் இருந்தால்?

ஊருக்கு ரயில் இல்லை. வெரோனா–ப்ரென்னர் தடத்தில் ரொவெரேதோவில் இறங்கி, பேருந்தில் ரீவா, அங்கிருந்து பேருந்திலோ படகிலோ லிமோனே. தெற்கிலிருந்து வருபவர்கள் தெசென்ஸானோவில் இறங்கலாம். ஆனால் அங்கிருந்து சாதாரணப் படகில் ஏறினால் கிட்டத்தட்ட அரை நாள் ஓடிவிடும். எதிர்க்கரை மால்செசினேவுக்குப் படகில் சுமார் இருபது நிமிடம். அங்கே மொந்தே பால்தோ மலைக்குக் கம்பிவட ஊர்தி உண்டு, மேல்நிலையம் சுமார் 1,760 மீட்டர் உயரத்தில். கடைசிப் படகு நேரத்தைப் போகும்போதே பார்த்துவிடுங்கள், விட்டால் ஏரியைச் சுற்றித்தான் வரவேண்டும்.

காரில் போனால் மேற்குக் கரைச்சாலை. 1929-ல் தொடங்கி 1931-ல் முடித்தது, 70-க்கும் மேற்பட்ட சுரங்கங்கள். அதற்கு முன் லிமோனேவுக்குப் படகு அல்லது மலையேற்றப் பாதை மட்டுமே. அன்றைய கார் அகலத்துக்கு வெட்டியது; எதிரே சுற்றுலாப் பேருந்து வந்தால் நின்று வழிவிட வேண்டும். சனிக்கிழமை ஓட்டல் மாறும் நாள், அன்று பகலில் வராதீர்கள். பாறை சரிந்தால் சாலையே நாள்கணக்கில் அடைபடும்.

ஊருக்குள் பழைய பகுதியில் வெளி வாகனம் நுழையக் கூடாது. கேமரா எண்ணைப் படம்பிடிக்கும். வாடகைக் காரானால் அபராதத்தோடு வாடகை நிறுவனத்தின் தனிக் கட்டணமும் மாதக்கணக்கில் கழித்து வந்துசேரும். ஓட்டல் தடைக்குள் இருந்தால் முன்கூட்டியே கார் எண்ணைக் கொடுத்து அனுமதி பதியச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஏரிக்கரையில் இருக்கும் அடுக்குமாடி நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடங்கள்.

தங்கும் வீடு இணையத்தில் பதிவதானால் விளம்பரத்தில் 'சின்' என்ற தேசிய அடையாள எண் இருக்கிறதா பாருங்கள். 2025 ஜனவரி முதல் கட்டாயம். தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்ற தங்கல் வரி பெரும்பாலும் இணைய விலையில் சேராது, நேரில் தனியாகக் கேட்பார்கள்.

கேள்வி: ஏரியில் குளிக்க எந்த நேரம் நல்லது?

காற்றின் அட்டவணையைத் தெரிந்துகொண்டால் போதும். விடியலுக்கு முன்பே வடக்கிலிருந்து 'பெலேர்' தொடங்கி முற்பகல் வரை அடிக்கும். கொஞ்சம் ஓய்ந்து, மதியத்துக்குமேல் தெற்கிலிருந்து 'ஓரா' ஏறும். பாய்மரக்காரர்கள் காத்திருப்பது இதற்குத்தான். இரண்டுக்கும் இடையிலான அமைதி நேரம் குழந்தைகளுக்கு ஏற்றது. வடகாற்று நாள்கணக்கில் பலமாக அடித்தால் மேல்நீரைத் தெற்கே தள்ளிவிடும். அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்து, நேற்று இதமாக இருந்த தண்ணீர் இன்று உறையவைக்கும். கரை முழுக்கக் கூழாங்கல், ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்க முடியாது. இன்னொன்று: மலை மேற்கே இருப்பதால் வெயில் சீக்கிரம் மறையும். சூரிய அஸ்தமனம் பார்க்கும் ஊர் அல்ல இது, உதயம் பார்க்கும் ஊர்.

கேள்வி: இங்கே பிறந்த புனிதர் யார்?

தனியேலே கொம்போனி. 1831 மார்ச் 15-ல் பிறந்தவர். தந்தை தெஸோல் என்ற எலுமிச்சைத் தோட்டத்தின் வேலையாள். எட்டுப் பிள்ளைகளில் பிழைத்து வளர்ந்தவர் இவர் ஒருவரே. மத்திய ஆப்பிரிக்காவில் மறைப்பணி செய்து, ஆயராகி, 1881-ல் கார்ட்டூமில் இறந்தார். 2003-ல் புனிதர் பட்டம். பிறந்த வீடும் தோட்டமும் பார்வைக்கு இருக்கின்றன.

கேள்வி: நினைவாக என்ன வாங்கலாம்? எலுமிச்சை மதுவா?

வாங்கலாம், ஆனால் உள்ளூர்ப் பழம் என்று நம்பி வாங்காதீர்கள். மிஞ்சியிருக்கும் சில தோட்டங்களின் காய் அத்தனை கடைகளின் புட்டிகளுக்கு எப்படிப் போதும்? பழம் எங்கிருந்து வந்தது என்று புட்டியின் பின்பக்கம் எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாவிட்டால் அதுவே பதில்.

எங்கள் தேர்வு ஆலிவ் எண்ணெய். கசலீவா என்ற உள்ளூர் வகை; அக்டோபர் கடைசியிலிருந்து பறிப்பு. கார்டா எண்ணெய்க்கு 1997 முதல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு உண்டு. லேபிளில் 'கார்டா' என்ற பெயரோடு சிவப்பு மஞ்சள் வட்ட முத்திரையும், பக்கத்தில் 'ப்ரெஷானோ' என்ற சொல்லும், அறுவடை ஆண்டும் இருக்கவேண்டும். 'இத்தாலியில் புட்டியிலடைத்தது' என்று மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள். நிறம் இருண்ட புட்டி அல்லது தகர டப்பாவாக எடுங்கள், கடை வாசலில் வெயில்பட்டுக் காட்சிக்கு நிற்பதை வேண்டாம். ஜூலையில் வாங்குவது சென்ற நவம்பரில் ஆட்டிய எண்ணெய். வீட்டுக்கு வந்ததும் திறந்து மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.